கோட்டுக்கு இடது பக்கம்

கம்ப்ரஸர் ஜில்லென்று இருந்தால் அவருக்கு வியர்க்கும். சுட்டால் சரியாகிவிடுவார்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு ஐஸ் பிளான்ட்டில் அவரும் நானும் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் மெஷின் ஓட்டினோம். சுனாமிக்கு அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அவர் தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மச்சான். உறவு ஒன்றும் கிடையாது. கூட வேலை செய்கிறவனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஷிஃப்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். நேரே போய்க் குடிதண்ணீர்ப் பானையில் விரலை நனைத்து, கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் பைப்பின் மேல் சுண்டிவிடுவார். சொட்டு சுர்ரென்று பொரிந்து மறைய வேண்டும். மறைந்தால் முகம் தெளியும். அதற்குப் பிறகுதான் "என்னா மச்சான், சாப்ட்டியா" என்ற கேள்வி வரும். பானைக்குள் கை விடுகிறார் என்று ஐஸ் பார் தள்ளுகிறவர்கள் சண்டை போட்டு, அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள்.

மெஷின் ரூம் சுவரில், சாமி காலண்டருக்குப் பக்கத்தில், பெரிய சார்ட் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். தண்ணீரை ஐஸாக்கும் அமோனியாவின் சார்ட். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஓரமெல்லாம் எண்கள். அதில் ஒரே ஒரு சாய்ந்த கோட்டின் மேல் மட்டும் சிவப்புப் பென்சிலால் திரும்பத் திரும்பப் போட்டு அழுத்தி வைத்திருந்தார். கோட்டுக்காரர் என்று எல்லோரும் அவரைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். லோடு ஏற்ற வரும் டிரைவர்கள், "மெஷினுக்கு ஜாதகம் எழுதி வெச்சிருக்காரு, எப்ப கல்யாணம்னு கேளு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கு டிப்ளமோ உண்டு. அவர் ஐ.டி.ஐ. அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கோடு என்ன என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதிப் பாஸும் செய்திருந்தேன். ஆனால் புரிந்தது அவர் சொல்லித்தான்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்ப பம்ப்போட அடி சுடுதுல்ல மச்சான். அடியில நெருப்பா வெச்சாங்க? அழுத்துனா சுடும். அவ்ளதான். இப்ப வெளியிலேர்ந்து சூடு உள்ள வராம, உள்ளேர்ந்து வெளிய போவாம, நடுவுல உரசலே இல்லாம ஒருத்தன் அழுத்துறான்னு வெச்சிக்க. என்ட்ரோபின்னு சொல்றாங்களே, வீணாப் போறதோட கணக்கு, அது மாறாது. கைய எடுத்தா எல்லாம் பழையபடி அப்டியே திரும்பி வந்துரும். துளி வீணாவாது. அந்த வழிதான் இந்தக் கோடு."

"நம்ம மெஷின் அதுலயா ஓடுது?"

"எவன் மெஷினும் அதுல ஓடாது. உரசல் இருக்குது. வால்வுல இடிச்சிக்கிட்டுப் போவுது. வீணாப் போனது போனதுதான், திருப்ப முடியாது. அதனால கொஞ்சம் ஜாஸ்தியா சுடும். கோட்டுக்கு வலது பக்கம்தான் நிக்கும். அது நாயம்."

அப்புறம் அவர் விரல் கோட்டுக்கு இடது பக்கம் வந்தது. காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"இந்தப் பக்கம் வந்துச்சின்னா, கடவுள் ஓட்டுற மெஷினவிட நம்ம மெஷின் நல்லா ஓடுதுன்னு ஆவுது. அப்டி ஒண்ணு கெடையாது. ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு கண்டுபுடிக்கிற வரைக்கும் நிம்மதியா நிக்க முடியாது."

அநேகமாக அந்தப் பொய் ஒன்றாகத்தான் இருக்கும். ஐஸ் உறையும் தொட்டியைச் சுற்றி ஓடும் அமோனியா முழுக்க வாயுவாகி கம்ப்ரஸருக்கு வர வேண்டும். பாதி திரவமாகவே வந்துவிட்டால் மெஷின் குளிர்ந்துபோகும். பார்ப்பவனுக்கு நன்றாக ஓடுவது போலத் தெரியும். ஆனால் வாயு அழுங்கும், திரவம் அழுங்காது. பிஸ்டன் மேலே ஏறி வரும்போது அதற்கு வழி இருக்காது. மேலே இருக்கிற ஹெட் உடைந்து தெறிக்கும். இரும்புக்குத் தப்பித்தவனை அமோனியா பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்தும் நான் நன்றாகத் தூங்கினேன். அவர் தூங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நூற்றி இருபதுக்கு மேல் காட்ட வேண்டிய தெர்மாமீட்டர் எண்பது காட்டியது. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினார். தண்ணீரைச் சுண்டினார். சுர்ரென்றது. மறுபடி தெர்மாமீட்டரைப் பார்த்தார், எண்பதுதான். பைப் ஒன்று சொல்ல, தெர்மாமீட்டர் ஒன்று சொல்ல, நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தெர்மாமீட்டர் சொருகியிருக்கும் குழியில் எண்ணெய் வற்றிப்போயிருந்ததைக் கண்டுபிடித்தோம். எண்ணெய் ஊற்றியதும் முள் ஏறியது. "அடப்பாவி, நீதானா" என்று தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மெஷினோடு போயிருந்தால் பரவாயில்லை. மனிதர் எல்லாவற்றையும் அந்தக் கோட்டில் வைத்துத்தான் பார்த்தார். சுனாமியில் அவர் தெருவில் வரிசையாகப் பல வீடுகள் போய்விட்டன. அவர் வீட்டில் ஒரு சொம்புகூட உருளவில்லை. எவனாக இருந்தாலும் குலசாமிக்குப் பொங்கல் வைத்திருப்பான். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். "நம்பளுக்கு மட்டும் ஏன் மச்சான் ஒண்ணும் ஆவல?" என்பார். நான் டீ வாங்கப் போய்விடுவேன்.

ஒருமுறை ஆனித் தேருக்குச் சிதம்பரம் வந்தவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் சந்துக்குள் எங்கள் வீடு. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து சட்டைப் பையில் இருந்த பென்சிலைப் பிடுங்கினாள். என் மனைவி சாம்பார் ஊற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள், "பொறந்ததுலேர்ந்து இவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னு வந்ததில்லைங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

"டாக்டர்கிட்ட எதுக்கும் ஒருவாட்டி காட்டிருங்க தங்கச்சி."

என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் தெருமுனை திரும்புவதற்குள் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாள். "ஏங்க, அந்த ஆளை இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. வாயா அது" என்றாள். நானும் கூட்டிவரவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள் மெஷினை நிறுத்துவோம். முந்தின நாள் சாயங்காலமே நிறுத்தி, துடைத்து, எண்ணெய் போட்டு, கம்ப்ரஸர் ஹெட்டில் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போடுவோம். பூஜை முடிந்ததும் ஓட்ட வேண்டும். குடும்பத்தோடு வாருங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளோடு வந்தாள். மகளுக்குப் பச்சைப் பாவாடை, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

குருக்கள் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். பன்னிரண்டுக்கு ஆறேழு நிமிடம் இருக்கும்போதுதான் கற்பூரம் காட்டினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. "ஓட்டுப்பா, ஓட்டுப்பா, நேரம் போவுது" என்று முதலாளி என் முதுகில் கை வைத்தார். கோட்டுக்காரர் மொட்டைமாடியில், சுட்ட வாயுவைக் குளிரவைக்கும் கண்டன்ஸருக்குத் தண்ணீர் பம்ப்பைப் போட்டு, ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கப் போயிருந்தார்.

நான் மோட்டாரைப் போட்டேன். கம்ப்ரஸர் வாயுவை இழுக்கும் பக்கத்தில் ஒரு வால்வு உண்டு. ராத்திரி முழுக்க மெஷின் நின்றிருந்தால் அந்தக் குழாயில் திரவம் வந்து தேங்கியிருக்கும். அதனால் அந்த வால்வைக் கால் சுற்று திறந்து, காது கொடுத்துக் கேட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி கால் சுற்று என்று திறக்க வேண்டும். அரைமணி நேர வேலை. நான் நாலு சுற்றை ஒரே மூச்சில் திறந்தேன். ராகு காலத்துக்கு முன்னால் மெஷின் முழுசாக இழுக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. எல்லோரும் கைதட்டினார்கள்.

கால்மணி நேரம் ஆகியும் ஹெட்டில் பூசிய சந்தனம் காயவில்லை. மற்ற வருடங்களில் பத்து நிமிடத்தில் வெடித்து உதிர்ந்துவிடும். இந்த முறை ஈரமாகவே பளபளத்தது. கம்ப்ரஸரின் பக்கவாட்டில் வெள்ளையாகப் பனி படிந்து மேலே ஏறியது. முதலாளி தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா குளுந்துட்டா" என்றார். "இத்தனை வருசத்துல இப்டி ஆனதே இல்ல. எல்லாரும் வந்து தொட்டுக் கும்புடுங்க."

வரிசையாக வந்து தொட்டார்கள். என் மனைவி தொட்டுத் தாலியில் ஒற்றிக்கொண்டாள். என் மகளை நான்தான் தூக்கிப் பிடித்தேன். "தொட்டுக் கும்பிடும்மா." வேறு எந்த நாளில் அந்த இரும்பில் கை வைத்திருந்தாலும் தோல் உரிந்திருக்கும். அவள் இரண்டு உள்ளங்கையையும் அகலமாக வைத்து அழுத்தி, "ஐ, ஜில்லுனு இருக்குப்பா" என்றாள். எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததைச் சொன்னால் நாலு சுற்றையும் சொல்ல வேண்டும். அவளைக் கீழே இறக்கிவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே டக் டக்கென்று தட்டும் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. நாயனக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

மாடிப்படி இறங்கி வந்த கோட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பனியைப் பார்த்தார், ஈரச் சந்தனத்தைப் பார்த்தார். மெஷினுக்கு முன்னால் நின்ற என் மகளைப் பார்த்தார். "நிறுத்து மச்சான்" என்று என்னிடம் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை. ஸ்டாப் பட்டன் எனக்கு நாலடி தூரம். நான் நகரவில்லை. எல்லோரும் பார்க்க, நல்ல நேரத்தில் ஓட்டிய மெஷினை என் கையாலேயே எப்படி நிறுத்துவது என்றுதான் அப்போதும் யோசித்தேன். அந்த வெட்கங்கெட்ட யோசனையை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் காத்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்போடு அள்ளிக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் குத்துவிளக்கு சாய்ந்து அணைந்தது. ரோட்டைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த இடத்தில் அவளைத் தொப்பென்று போட்டுவிட்டு அதே ஓட்டமாகத் திரும்பி வந்தார். பட்டனை அடித்தார். வால்வைப் பிடித்து மூடினார். மூடும்போது அவர் உதடு எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வளையல் உடைந்து கை கிழிந்து மகள் வீறிட்டு அழுதாள். என் மனைவி அலறிக்கொண்டு ஓடினாள். முதலாளி சாய்ந்து கிடந்த விளக்கை நிமிர்த்தி வைத்தார். அப்புறம் கோட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"என்னாடா பண்ணி வெச்சிருக்க? நல்ல நாளு அதுவுமா வெளக்க அணைச்சிட்டியே."

"லிக்விட் வந்துச்சு மொதலாளி. இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா ஹெட் தெறிச்சிருக்கும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நீதான ஓட்டுன. எதனா தப்பா இருந்துச்சா?"

நாயனமும் நின்றிருந்தது. கோட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லியிருக்கலாம். நாலு சுற்று என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்ல மொதலாளி. நல்லாத்தான் ஓடுச்சு" என்றேன்.

கோட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பித்துப் பிடித்த ஆள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், பூஜை விளக்கை உதைத்தான் என்று முதுநகர் முழுக்கப் பேச்சு. சாயங்காலம் நான் ஒருவனே உட்கார்ந்து, கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து மெஷினை ஓட்டினேன். ஒழுங்காக ஓடியது. "பாரு, மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார் முதலாளி. அவர் சொன்னதில் தவறில்லை. கெட்டது நடக்காமல் நிறுத்தியவனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஆனால் பத்து நாளில் மெஷின் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட ஆரம்பித்தது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மெஷினை நிறுத்தி ஹெட்டைக் கழற்றினேன். உள்ளே வால்வுத் தட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அந்த விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் உள்ளே போனது. அதற்கு நேர் மேலேதான் என் மகள் கை வைத்து அழுத்தினாள். ஸ்டோரில் கிடந்த புதுத் தட்டைப் போட்டு மூடினேன். பழையதைத் துணியில் சுற்றி உப்பனாற்றில் எறிந்தேன்.

அன்றைக்கே தேவனாம்பட்டினம் போனேன், சொல்லிவிடுவது என்று. அவர் மனைவி வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து படலுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"தூங்குறாருங்க" என்றார். "கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து இந்த மனுசன் இப்டித் தூங்கி நான் பாத்ததில்ல. இப்ப பத்து நாளாத்தான் தூங்குறாரு. திரும்ப வேலைக்குக் கூப்ட வந்திருந்தீங்கன்னா வாணாங்க, போயிருங்க."

"கூப்பிட வரலீங்க" என்றேன்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். மறுநாளிலிருந்து ஷிஃப்டுக்கு வந்ததும் டம்ளர் தண்ணீரில் விரலை நனைக்கிற ஆள் நானானேன். ராத்திரியில் தூக்கம் போனதும் எனக்குத்தான்.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மகள் சாப்பிட அடம்பிடித்தால், "இரு, கோட்டு மாமாவைக் கூப்பிடறேன். வந்து தூக்கிட்டு ஓடிடுவார்" என்பாள். மகள் உடனே வாயைத் திறப்பாள். மணிக்கட்டில் இருந்த தழும்பைத் தொட்டுக்கொண்டே சாப்பிடுவாள். எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். நாலைந்து வருடம் இப்படிப் போயிற்று.

தென்னைகளையும் பலாமரங்களையும் சாய்த்துவிட்டுப் போனதே ஒரு புயல், அதற்கு அடுத்த வருடம். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கிக்கொண்டு சிதம்பரம் மேலவீதியில் நடந்து வந்துகொண்டிருந்தோம். "மச்சான்" என்று குரல் கேட்டது. திரும்பினால் அவர். காதோரம் நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. லால்பேட்டையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்வதாகவும், சாமான் வாங்க வந்ததாகவும் சொன்னார். பழையதை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவா இது?" என்றார். அவருடைய முகம் மலர்ந்ததை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து கையை நீட்டினார். "வா கண்ணு. மாமாவத் தெரியுதா?"

அவளுக்குத் தெரிந்தது. ஷூ பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் போய், சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா. தூக்கிட்டுப் போயிடுவாருப்பா. வேணாம்பா."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது சொல்லலாம், இவர்தான் அன்றைக்கு உன்னைக் காப்பாற்றினார் என்று நாலே வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். கீழே கிடந்த ஷூ பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். அவர் அதை எடுத்து, மூடியைச் சரியாக மூடி, என் கையில் கொடுத்தார்.

"புள்ள பயப்படுது. நான் போறேன் மச்சான்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். கூட்டத்தில் அவர் முதுகு மறைகிற வரைக்கும் நான் அசையவில்லை.

"போயிட்டாராப்பா?" என்றாள் மகள்.

"போயிட்டார்."

அவள் பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளைப்பா, நீ கூட இருந்தே" என்றாள்.